லூமுட் கப்பலுக்கு ஒரு பாஸ், சம்பந்திகள் இரண்டு பேர்

போன பள்ளி விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை லூமுட்டுக்குப் போய் வந்தேன். அன்று கடற்படைத் தளத்தில் குடும்ப நாள். கப்பலில் வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பங்கோர் தீவு தெரிகிற தூரம் வரை ஓட்டிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். என் மகனுடைய மகள் தர்ஷினி அங்கே ஒரு கப்பலில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் தாமான் குடியிருப்பில் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் கடற்படையில் சேர்ந்திருக்கிறார்கள். எப்படிப் போவது, என்ன செலவாகும், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று அந்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. நான் தோட்டத்துப் பள்ளியில் நான்காவது வரைதான் படித்தவள். கைப்பேசியில் பேசினால் எழுத்தாக விழுகிறது, தப்பாக விழுந்ததை விரலால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. விலையும் நேரமும் சரியாக இருக்கும்.

பாஸ் ஒரு ஆளுக்கு ஒன்றுதான். தர்ஷினியின் அப்பா அம்மா சிங்கப்பூரில் வேலை, அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது நானும், அவள் அம்மாவைப் பெற்ற என் சம்பந்தி மகேஸ்வரியும். அதற்கு அடுத்த வாரம் கப்பல் வெளிநாட்டுக் கப்பல்களோடு கூட்டுப் பயிற்சிக்குக் கிளம்புகிறது. திரும்ப மூன்று மாதம் ஆகும். பேத்தி போன் போட்டுச் சொன்னாள்:

"ஆயா, ஒரு பாஸ்தான் குடுத்திருக்காங்க. நீங்களும் அம்மம்மாவும் பேசி யாருன்னு முடிவு பண்ணுங்க. என்னைய மட்டும் கேக்காதீங்க."

என்னை ஆயா என்பாள், அவளை அம்மம்மா என்பாள். நாங்கள் பேசினோமா என்றால், இல்லை. இரண்டு பேருமே கிளம்பிவிட்டோம்.

இங்கே கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் விளங்கும். மகேஸ்வரி யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா ஏதோ ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது துரைக்கு அடுத்தபடி கணக்கு எழுதுகிற ஆள். அவள் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஈப்போவில் இரும்புக் கேட் போட்ட வீடு. நான் கோப்பெங்குக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். தோட்டத்தை முதலாளி விற்றபின் கோப்பெங்கிலேயே மலிவு வீட்டுக்கு வந்துவிட்டேன். தர்ஷினியை ஆறு மாதக் குழந்தையாக என் மகன் என்னிடம் விட்டான். விடியும் முன் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு மர நிரைக்குப் போவேன். பக்கத்து மரத்தில் தொட்டில் கட்டி, கொசுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு வெட்டுவேன். பிள்ளைக்கு ஏழு வயதானபோது மகேஸ்வரி வந்து, ஈப்போவில் நல்ல பள்ளி என்று கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக் கட்டணம், டியூஷன், வேன், பியானோ வகுப்பு எல்லாம் அவள்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், நான் பக்கத்திலேயே நிற்கும்போது, "இது நான் வளர்த்த பிள்ளை" என்று நாலு பேரிடம் சொல்வாள். பட்டுப்புடவையும் நகையும் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. இந்த ஒரு வார்த்தைக்கு வயிறு எரியும்.

கார் காலை 6.40க்கு என் வாசலுக்கு வந்தது. ஓட்டுநர் சேகர், ஈப்போ பையன், நாற்பது வயது இருக்கும். நாள் வாடகை 260 வெள்ளி, எண்ணெயும் சாலைக்கட்டணமும் சேர்த்து. அதை மகேஸ்வரி முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். முன் சீட்டிலும் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"முட்டி மடங்குதில்லை சம்பந்தி, அதுதான் முன்னுக்கு இருக்கிறன். நீங்கள் பின்னுக்கு வசதியா இருங்கோ."

நான் அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டலும் நெத்திலிச் சம்பாலும் மூன்று பேருக்குக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாலு மணிக்கே எழுந்து செய்தது. பின் சீட்டில் பாத்திரத்தோடு நானும் வசதியாகத்தான் இருந்தேன்.

சிம்பாங் பூலாய் வந்ததும் வலது பக்கம் கேமரன் மலைக்குப் போகிற கூட்டம் வரிசை கட்டி நின்றது. நாங்கள் இடது பக்கம் பத்து காஜா வழியாகத் திரும்பி, சிப்புத்தே தாண்டி லூமுட் சாலையைப் பிடித்தோம். மொத்தம் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர். ஈப்போவுக்குள் போய்ச் சுற்ற வேண்டாம், சனிக்கிழமை காலையில் அங்கே சந்தை நெரிசல்.

ஸ்ரீ இஸ்கண்டார் தாண்டும்போது வானொலியில் செய்தி. பெரிய நாடு ஒன்று தன் கூட்டாளி நாடுகளைப் பார்த்து, பாதுகாப்புக்கு நீங்கள் போடுவது போதாது, ஒழுங்காகப் போடாதவனைக் காப்பாற்ற நான் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறதாம். கூட்டாளிகள் பதிலுக்கு, நாங்களும் போடுகிறோம், ராணுவ லாரி போகிற சாலையும் பழைய சிப்பாய்க்குக் கொடுக்கிற ஓய்வூதியமும் கணக்கில் சேராதா என்கிறார்களாம். நமக்கு எதற்கு என்று விட்டிருக்கலாம். சேகர் விடவில்லை.

"பாத்தீங்களாம்மா, இவ்ளோ பெரிய நாடு, இப்புடியா பிச்சு பிச்சு கேக்குறது?"

"ஏன் கேக்கக் கூடாது தம்பி?" என்றாள் மகேஸ்வரி. "அவன்தானே இவ்வளவு காலமும் கூடப் போட்டவன். போட்டவனுக்குக் கேக்கிற உரிமை இருக்கு."

எனக்கு அந்த நாடும் தெரியாது, இந்த நாடும் தெரியாது. ஆனால் அவள் யாரைச் சொல்கிறாள் என்று தெரியும்.

"காசு போட்டாத்தான் போட்டதா? எடம் குடுத்தவன்? ஆளு குடுத்தவன்? சண்டை வந்தா எவன் ஊரு மேல குண்டு விழும்? அதெல்லாம் கணக்குல வராதா?"

"ஆளும் இடமும் எல்லாரிட்டயும் இருக்குது சம்பந்தி. கப்பலும் விமானமும் காசில்லாமல் வருமோ?"

"கப்பலு தானா ஓடுமா?"

"ரெண்டு பேரும் சரி லா," என்றான் சேகர், "ஆனா ஸ்டியரிங்கு என் கையில இருக்கு, கொஞ்சம் மெதுவா கத்துங்க."

எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. பன்றி மரவள்ளியைத் தோண்டும், ஆளையும் கிழிக்கும். உறைந்த ரப்பர்க் கட்டிப்பாலைத் திருடுகிறவர்களும் வருவார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் கிராணி வீடும் சேர்ந்து காவல் போட்டன. லயத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துப் போவார்கள். கிராணி வீட்டில் இருந்து ஆள் வராது, விளக்குக்கு மண்ணெண்ணெயும் டார்ச்சுக்குப் பேட்டரியும் வரும். என் அப்பா தொடையில் பன்றி கிழித்த தழும்பு சாகும்வரை இருந்தது. ஆனால் மாரியம்மன் திருவிழாவில் காவலுக்கு என்று கட்டுகிற பரிவட்டம் முதலில் கிராணிக்குத்தான். எண்ணெய் அவர்களுடையதாம். அப்பா இரண்டாவதாக நின்று கட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கிராணி மகேஸ்வரியின் அப்பா இல்லை, வேறு ஆள். இருந்தாலும் அன்று பின் சீட்டில் இருந்து அவள் கொண்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பரிவட்டம்தான் தெரிந்தது.

போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஆயர் தாவாரில் 8.10க்குத் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். தே தாரேக் 2.20 வெள்ளி, உளுந்து வடை 90 காசு, நன்றாக இருக்கும், சூடாக எடுக்கச் சொல்லுங்கள். கழிப்பறை கடைக்குப் பின்னால், சுத்தம். அங்கேதான் மகேஸ்வரி முதல் தடவையாக வெளிப்படையாகப் பேசினாள்.

"சம்பந்தி, வடிவா யோசிச்சுப் பாருங்கோ. பதினோரு வருசம் படிக்க வச்சது நான். பிறகு காலேஜ். நேவிக்கு அப்ளை பண்ணுற அன்றைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனது. நான் ஏறுறதுதான் முறை."

"நான் ஆறரை வருசம் முதுகுல சொமந்தேன். அவளுக்கு டெங்கி காய்ச்சல் வந்தப்ப ஈப்போ ஆஸ்பத்திரி தரையில படுத்துக் கெடந்தேன். உங்க காசு அப்ப எங்க இருந்துச்சி?"

"என்னைக் கூப்பிட்டனீங்களோ? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பனே!"

கூப்பிடவில்லைதான். வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று கூப்பிடவில்லை. மீகூனை எடுத்து வைத்தேன். அவள் அரைத் தட்டு சாப்பிட்டாள். சேகர் இரண்டு தட்டு.

தளத்து வாசலுக்கு 9.05க்குப் போய்ச் சேர்ந்தோம். போகிறவர்கள் கவனியுங்கள்: அடையாள அட்டை கட்டாயம். செருப்போடு விட மாட்டார்கள், மூடிய சப்பாத்து வேண்டும். சேலை வேண்டாம், ஏணிப்படி செங்குத்தாக இருக்கும், காற்றும் அடிக்கும். நான் பஞ்சாபி உடையில் போனேன். என் பையில் கற்பூரமும் நாலு எலுமிச்சம்பழமும் இருந்தன. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது போல, பேத்தி நீண்ட பயணம் போகிற கப்பலுக்கும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பெண் கற்பூரத்தை முகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தாள், எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டாள்.

பிறகு கேட்டாள்: "நெனெக், சத்து ஓராங் சஹாஜா. சியாப்பா நாயிக்?" பாட்டி, ஒருத்தர்தான், யார் ஏறுவது என்று.

"சாயா," என்றேன். நான் என்று அர்த்தம்.

"சாயா," என்றாள் மகேஸ்வரியும், அதே நேரத்தில்.

அதற்குள் தர்ஷினி வெள்ளைச் சீருடையில் வந்துவிட்டாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் இருபது பேர். அப்போது மகேஸ்வரி சொன்னாள்:

"நீங்கள் ஏறுங்கோ சம்பந்தி. அந்த ஏணியில என்ர முட்டி ஏறாது."

லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. உடனே உள்ளே நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மனசு மாறிவிடுவாள் என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கப்பல் 9.40க்குக் கிளம்பியது. இரும்புக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே ஒரு வாடை, குடலைப் பிரட்டும். வாந்தி வருகிறவர்கள் முதல்நாளே மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த துறையில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நின்றது, எங்கள் கப்பலைப் போல இரண்டு மடங்கு உயரம். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது, பேத்தி கப்பலைவிட அது ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று. எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"எந்தச் சக்கரத்துக்கு அடியில ஆயா வைக்கிறது?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் நின்ற சமையல்காரப் பையன் வாங்கிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் எலுமிச்சைத் தண்ணீர் வந்தது.

"அந்தப் பெரிய கப்பல்காரங்களும் பயிற்சிக்கு வாராங்களா?" என்று கேட்டேன்.

"வாராங்க ஆயா. அவங்க பெரிய கப்பல், எண்ணெய், விமானம் எல்லாம் கொண்டாருவாங்க. நாம தொறைமுகம், தண்ணி, சாப்பாடு, கடல் தெரிஞ்ச ஆளுங்க. கூட்டம் போட்டா அவங்க 'நாங்கதான் கூடப் போட்டோம்'பாங்க. நம்மாளுங்க 'இது யாரு கடலு'ம்பாங்க. நான் சாமான் ஏத்துறவ. எனக்கு ரெண்டு பக்கத்துச் சத்தமும் தலவலி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வண்டியில நீங்களும் அம்மம்மாவும் அதத்தானே பண்ணிட்டு வந்தீங்க?" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். மாற்றாமல் இருந்திருக்கலாம்.

"உனக்கு நம்ம லயத்து வீடு ஞாபகம் இருக்கா? தொட்டில் கட்டுன மரம்? காலையில முதுகுல உக்காந்துகிட்டு நட்சத்திரம் எண்ணுவியே?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். எனக்காகப் பொய் சொல்லலாமா என்று ஒரு விநாடி தடுமாறியதுகூட எனக்குத் தெரிந்தது. பொய் சொல்ல வராத பிள்ளை.

"இல்ல ஆயா. எனக்கு மொதல் ஞாபகமே ஈப்போ வீட்டு இரும்புக் கேட்டுதான். அதப் புடிச்சிகிட்டு நிப்பேன். எதுக்குன்னு தெரியல."

பங்கோர் தீவு தெரிந்தது. எல்லோரும் படம் பிடித்தார்கள். நானும் பேத்தியும் சேர்ந்து நிற்கிற படம் எடுத்தார்கள், அதில் நான் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். ஆறரை வருஷம் நான் போட்டது எதுவும் அவளிடம் இல்லை. கேட்டுக்குப் பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது. அந்தக் கேட் மகேஸ்வரியுடையது.

12.20க்குக் கரை. தர்ஷினி என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மம்மாவுக்கும் சொல்லிருங்க" என்றாள். வாசலில் சேகர் மட்டும் நின்றான்.

"எங்க அவங்க?"

"கடலோரத்துல, சாப்பாட்டுக் கட மாடியில நிக்கிறாங்கம்மா. மூணாவது மாடி. கப்பலு கண்ணுக்குத் தெரியணும்னு ஏறிட்டாங்க. எனக்கே மூச்சு வாங்குச்சி, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

கார் போய் நின்றதும் மகேஸ்வரி இறங்கி வந்தாள். படியில் கைப்பிடியைத் தொடவே இல்லை. முட்டிக்கு ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் முன் சீட்டுக்குப் போகாமல் பின்னால் என் பக்கத்தில் வந்து ஏறினாள்.

சீத்தியவான் தாண்டினோம். பிறகு கேட்டாள், "பிள்ளை என்ன சொன்னவள்?"

"ஒண்ணுமில்ல. தீவு காட்டுனா."

"பழைய கதை ஏதும் கேட்டனீங்களோ?"

நான் மீகூன் பாத்திரத்து மூடியை அழுத்தி மூடினேன், அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"அவளுக்கு ஞாபகம் இராது. எனக்கு இருக்கு. கொண்டுவந்த புதுசில ஒவ்வொரு பின்னேரமும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பிடிச்சபடி நிப்பாள். 'ஆயா வருவாங்க' எண்டு. சோறு தந்தால், ஆயா உருட்டுற மாதிரி உருட்டித் தா எண்டுவாள். என்னையும் ஆயா எண்டுதான் கூப்பிட்டவள். அம்மம்மா எண்டு சொல்லுமட்டும் நான் திரும்பிப் பாக்கேல்லை. பிள்ளை எண்டும் பாராமல், திரும்பிப் பாக்கேல்லை."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சேகர் வானொலியை அணைத்துவிட்டான்.

"நீங்கள் ஒருநாள் வாழைப்பழத்தோட வந்தனீங்கள். பிள்ளை நித்திரை எண்டு சொன்னனான்."

"தெரியும்," என்றேன். எனக்கு எதுவும் மறக்காது என்று சொன்னேனே. பிசாங் மாஸ், ஒரு சீப்பு. பஸ் நிலையத்தில் இருந்து வெயிலில் நடந்து போய், கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நித்திரை இல்லை," என்றாள் மகேஸ்வரி. "உள்ளுக்கு அழுதுகொண்டிருந்தவள். நான் கதவைச் சாத்தினனான். எனக்கு உங்கள் மேல அவ்வளவு பொறாமை."

கோபம் வர வேண்டும், வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஒன்று கிடந்து அரித்தது. பிள்ளை எனக்காகக் கேட்டில் நின்ற அத்தனை சாயங்காலமும் இவளிடம் இருக்கிறது. நான் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. நான் வளர்த்ததற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி இவள்தான். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இன்னும் சொல்லுங்க," என்றேன். "சோத்த எப்புடி உருட்டச் சொல்லுவா?"

சிம்பாங் பூலாய் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் அவள் தப்பாகச் சொன்னதை நான் திருத்தினேன். மூன்று மணிக்கு என் வாசலில் இறங்கினேன். பாதி வாடகை 130 வெள்ளியை எடுத்து நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றாள். சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

போகிறவர்களுக்கு மிச்ச விஷயம். ஒரு ஆளுக்குத்தான் பாஸ் என்றால் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள், பிள்ளையை வாசலில் நிற்க வைக்காதீர்கள். ஏறாதவர்கள் கடலோரத்துச் சாப்பாட்டுக் கடை மாடியில் நிற்கலாம், மூன்றாவது மாடியில் இருந்து கப்பல் வளைவது வரை தெரியும், ஒரு தண்ணீர் வாங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூன்று பேருக்கு மீகூன் கட்டினால் ஓட்டுநரை இரண்டு ஆளாகக் கணக்குப் போடுங்கள். யார் அதிகம் போட்டது என்று வண்டியில் பேச வேண்டாம். பேசித்தான் ஆக வேண்டும் என்றால், எதிர் ஆள் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். நான் வைத்திருந்ததைவிட அவளிடம் அதிகம் இருந்தது.

முட்டிக் கதை சொல்லி என்னை ஏற்றிவிட்டதில் இப்போது அவள் ஒரு படி மேலே நிற்கிறாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கப்பல் திரும்புகிற அன்றைக்கும் வீட்டுக்கு ஒரு பாஸ் கொடுப்பார்களாம். தர்ஷினிக்கு நேற்றே செய்தி அனுப்பிவிட்டேன், அது அம்மம்மா பெயரில் இருக்கட்டும் என்று. நல்ல மனசு என்று யாரும் எழுத வேண்டாம். சமமாகட்டும், அவ்வளவுதான்.